மூன்று செய்தி, ஒரே முடிச்சு: சைபர்பங்க் எக்ஸ்பான்ஷன் தள்ளிப்போனபோது ரசிகர் கோபம் எங்கே போய் விழுந்தது

2022 மார்ச் 21 அன்று போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம், அடுத்த விட்சர் கேமைத் தன் சொந்த ரெட் எஞ்சினில் (கேமைக் கட்டும் அடித்தள மென்பொருள்தான் எஞ்சின்) செய்யப்போவதில்லை, எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்யப்போகிறோம் என்று அறிவித்தது. ஏப்ரல் 13 அன்று, அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் வரவேண்டிய விட்சர் 3 புதிய தலைமுறைப் பதிப்பு, மறு தேதி சொல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த நாள் ஆண்டுக் கணக்கு வெளியானபோது, அதே நிறுவனத்தின் சைபர்பங்க் 2077 கேமுக்கான எக்ஸ்பான்ஷன், அதாவது பெரிய கூடுதல் கதைப்பகுதி, 2023-இல்தான் என்று தெரிந்தது. இருபத்தைந்து நாளுக்குள் மூன்று செய்தி.

பின்னிரண்டும் வந்தபோது ரங்கூனில் தண்ணீர்த் திருவிழா விடுமுறை. 14ஆம் தேதி நமக்குச் சித்திரை ஒன்று. வேலை, வகுப்பு எதுவும் இல்லாத நாளில், கரண்ட் இருந்த நேரத்தில் போனைத் திறந்தவர்களுக்கு மூன்றும் ஒரே கதையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. "எஞ்சினை மாத்துறாங்க, அதான் எக்ஸ்பான்ஷன் லேட்டு." உலகம் முழுக்க ரசிகர்கள் போட்ட முடிச்சும் இதுதான்.

அந்த வாக்கியத்தில் பாதி தவறு. மீதிப் பாதி சரி. ஆனால் அந்தச் சரியான பாதியை அப்போது யாரும் பேசவில்லை. அது வெளியே வர இன்னும் ஐந்து மாதம் பிடித்தது.

பதக்கமும் அதற்குக் கீழே இருந்த வரியும்

மார்ச் அறிவிப்போடு ஒரே ஒரு படம் வந்தது: பனியில் பாதி புதைந்த ஒரு பதக்கம், கூடவே புதிய தொடர் தொடங்குகிறது என்ற வரி. ரசிகர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, காதின் கூர்மையையும் தாடையின் வடிவத்தையும் அளந்தார்கள். ஓநாயா, பூனையா என்று இரண்டு நாள் வாதம். கடைசியில் அது லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை என்று நிறுவனமே சொல்ல வேண்டியிருந்தது.

அதே அறிவிப்பின் உரையில் ஒரு வாக்கியம் தெளிவாக இருந்தது: சைபர்பங்க் எக்ஸ்பான்ஷன் தொடர்ந்து ரெட் எஞ்சினிலேயே செய்யப்படுகிறது. அதாவது எக்ஸ்பான்ஷனை புது எஞ்சினுக்கு மாற்றும் வேலையே கிடையாது. அதனால் தாமதம் வரவும் வழியில்லை. படத்தை அளந்த அளவுக்கு இந்த வரியை யாரும் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தாமதச் செய்தி வந்தபோது, நினைவில் நின்றது "அன்ரியல்" என்ற சொல் மட்டும்.

அன்றைக்கே கிளம்பிய இன்னொரு பயம், எஞ்சின் எபிக்குடையது என்றால் கேமும் எபிக் கடையில் மட்டும்தான் கிடைக்குமோ என்பது. கேமை ஒரே கடைக்கு ஒதுக்கும் திட்டம் இல்லை என்று நிறுவனம் அன்றே விளக்கம் தந்தது. எஞ்சின் உரிமம் வேறு, விற்பனைக் கடை வேறு. அன்ரியலில் செய்து ஸ்டீம் என்னும் வேறு கடையில் விற்கும் கேம்கள் ஏராளம்.

கோபம் எஞ்சின் மேல் இல்லை

2022-இல் கொட்டிய கோபத்தின் வேர் 2020-இல் இருக்கிறது. சைபர்பங்க் முதலில் அந்த ஆண்டு ஏப்ரல் 16-க்குக் குறிக்கப்பட்டது. பிறகு செப்டம்பர் 17. பிறகு நவம்பர் 19. அக்டோபர் தொடக்கத்தில் கேம் "கோல்ட்" ஆயிற்று (டிஸ்க்கில் அச்சிடும் பதிப்பு தயார்), இனித் தள்ளிப்போகாது என்று எல்லோரும் நம்பிய பிறகு, அதே மாதக் கடைசியில் டிசம்பர் 10 என்று மறுபடி மாற்றினார்கள். வந்த கேம் பிஎஸ்4-இலும் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் தள்ளாடியது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து கேமையே எடுத்துவிட்டது. திரும்பி வர 2021 ஜூன் 21 ஆயிற்று.

ஏன் தள்ளாடியது என்பதை நிறுவனரில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி 2021 ஜனவரியில் ஒரு காணொளியில் விளக்கினார். முதலில் கணினிக்காக நகரத்தை நெரிசலும் நுணுக்கமுமாகக் கட்டிவிட்டு, பிறகு அதைப் பழைய கன்சோலுக்குள் இறக்கப் பார்த்தார்கள். கதை நடக்கும் நைட் சிட்டியில் இடையில் நிறுத்திவைக்கும் லோடிங் திரை கிடையாது. காரில் வேகமாகப் போகும்போது அடுத்த தெருவின் சுவர், விளம்பரப் பலகை, ஆள்கூட்டம் எல்லாம் அந்தந்த நொடியில் டிஸ்கிலிருந்து வந்து சேரவேண்டும். இதுதான் ஸ்ட்ரீமிங். பிஎஸ்4-இன் நிமிடத்துக்கு 5,400 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒவ்வொரு கோப்புக்கும் தட்டின் வேறு வேறு இடத்துக்கு ஓடவேண்டும். அதற்குள் கார் அந்த இடத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் மொழுக்கென்ற கார்களும் முகமில்லாத மனிதர்களும் திரையில் வந்தார்கள்.

அடிபட்ட ரசிகர் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்ற சொல்லைக் கேட்டதும் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. 2022-இல் எக்ஸ்பான்ஷனுக்குச் சொன்ன தாமதம் முதல் தாமதமாக யார் காதிலும் விழவில்லை. ஐந்தாவது, ஆறாவது தாமதமாக விழுந்தது.

ஒப்பிட ஒரு பழைய அளவுகோலும் கையில் இருந்தது. விட்சர் 3 வந்தது 2015 மே 19. முதல் எக்ஸ்பான்ஷன் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் அதே ஆண்டு அக்டோபர் 13, இரண்டாவது பிளட் அண்ட் வைன் 2016 மே 31. பன்னிரண்டரை மாதத்தில் இரண்டும் முடிந்தன. இடையில் பதினாறு இலவச இணைப்புகள் வேறு. சைபர்பங்க்குக்கோ முதல் இலவச இணைப்பே 2021 ஆகஸ்டில் 1.3 பேட்ச்சோடுதான் (பிழை திருத்தும் அப்டேட்) வந்தது: இரண்டு மேலாடை, ஒரு கார், கதாபாத்திரம் ஜானி சில்வர்ஹேண்டுக்கு மாற்றுத் தோற்றம். எட்டு மாதம் காத்திருந்த கைக்கு அது போதவில்லை.

அப்படியானால் ஏன் தாமதம்?

எக்ஸ்பான்ஷன் எழுதவேண்டிய கைகள் அடிப்படைக் கேமைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தன. விட்சர் 3 நல்ல நிலையில் வந்ததால் அணி உடனே எக்ஸ்பான்ஷனுக்கு நகர முடிந்தது. இங்கே அது நடக்கவில்லை. 2021 பிப்ரவரியில் நிறுவனத்தின் கணினிகளை ஹேக் செய்து தரவுகளைப் பூட்டிவிட்டார்கள், அதனால் 1.2 பேட்ச் மார்ச் கடைசிக்குப் போனது. பிஎஸ்5-க்கும் புதிய எக்ஸ்பாக்ஸுக்குமான பதிப்போடு 1.5 பேட்ச் வந்தது 2022 பிப்ரவரி 15-இல். கேம் தன் காலில் நின்றது அப்போதுதான். அதற்கு இரண்டு மாதம் கழித்து "எக்ஸ்பான்ஷன் 2023" என்றார்கள். இந்த வரிசையை எழுதிப் பார்த்தால் எஞ்சினுக்கு இதில் இடமே இல்லை.

விட்சர் 3 புதிய பதிப்பின் கதையும் வேறு. அந்த வேலை சேபர் இன்டராக்டிவ் என்ற வெளி நிறுவனத்திடம் இருந்தது. மீதி வேலையைச் சொந்த அணியே செய்யும் என்று ஏப்ரல் 13 அறிவிப்பில் சொன்னார்கள். கைமாறினால், மற்றவர் எழுதியதைப் படித்துப் புரிந்து, எவ்வளவு மிச்சம் என்று அளந்த பிறகே தேதி சொல்லமுடியும். அந்தத் தாமதத்தை மட்டும் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

எஞ்சின் விழுங்கியது இரண்டாவது எக்ஸ்பான்ஷனை

முதலில் நிறுவனம் இரண்டு எக்ஸ்பான்ஷன்கள் திட்டமிட்டிருந்தது. 2022 செப்டம்பர் 6 அன்று ஃபேன்டம் லிபர்ட்டி என்ற பெயரை வெளியிட்டதையொட்டி, அது ஒன்றுதான், இரண்டாவது கிடையாது என்று உறுதியாயிற்று. அது தொழில்நுட்பம் சார்ந்த முடிவு என்று இயக்குநர் கேப் அமாடாஞ்செலோ பின்னர் பேட்டிகளில் விளக்கினார். எஞ்சின் மாற்றத்துக்கு ரசிகர்கள் உண்மையில் கொடுத்த விலை இங்கேதான் இருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ரெட் எஞ்சின் எப்படி வளர்ந்தது என்று பார்க்கவேண்டும். 2007-இல் முதல் விட்சர் பயோவேரின் அரோரா எஞ்சினில் வந்தது. 2011-இல் விட்சர் 2-க்காகச் சொந்த எஞ்சின் கட்டினார்கள். விட்சர் 3-க்கு மூன்றாம் பதிப்பு, சைபர்பங்க்குக்கு நான்காம் பதிப்பு. ஒவ்வொரு முறையும் எஞ்சினின் பெரும்பகுதியை உடைத்துக் கட்டினார்கள். விட்சர் 3 திறந்த காடு, குதிரை, தோளுக்குப் பின்னால் நிற்கும் கேமரா. சைபர்பங்க் அடுக்குமாடி நகரம், கார், கண் பார்வைக் கேமரா, துப்பாக்கி. கதை எழுதுபவர் ஒரு காட்சியைப் போட்டுப் பார்க்க நினைக்கும் நாளில் அதற்கான கருவியே எஞ்சினில் தயாராக இருக்காது. கருவி வந்த பிறகு காட்சியைத் திருப்பிச் செய்யவேண்டும்.

ஒரே நேரத்தில் ஒரே கேம் செய்யும் வரை இதைத் தாங்கலாம். 2021-இல் நிறுவனம் இரண்டு பெரிய கேம்களை இணையாகச் செய்வது என்று திட்டத்தை மாற்றியது. அப்படியென்றால் எஞ்சின் அணி இரண்டு எஜமானர்களுக்கு ஒரே வேளையில் வேலை செய்யவேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு ரெட் எஞ்சின் தெரியாது, உள்ளே வந்துதான் கற்கவேண்டும். அன்ரியல் தெரிந்தவர் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கிறார். இந்த நிலையில் இரண்டாவது எக்ஸ்பான்ஷன் என்பது, கைவிடப்போகும் எஞ்சினுக்கு ஓர் அணியை இன்னும் சில ஆண்டுகள் கட்டிவைப்பது. அதைத் தவிர்த்த முடிவில் தவறு காணமுடியவில்லை. தவறு வரிசையில். எஞ்சின் அறிவிப்பு வந்த அன்றே "இதனால் எக்ஸ்பான்ஷன் ஒன்றோடு நிற்கும்" என்று சொல்லியிருந்தால், இல்லாத காரணத்தைத் தேடி ரசிகர்கள் அலைந்திருக்க மாட்டார்கள்.

எதிர்வினைகளில் எது தேறியது

கேமைத் தாங்களே மாற்றியமைக்கும் மாட் செய்பவர்களின் கவலைதான் எல்லாவற்றிலும் கனமானது. ரெட் எஞ்சின் கோப்புகளைத் திறக்கும் வுல்வன்கிட், ரெட்ஸ்கிரிப்ட், சைபர் எஞ்சின் ட்வீக்ஸ் போன்றவை ரசிகர்களே பல ஆண்டு உழைத்துக் கட்டிய கருவிகள். எஞ்சின் போனால் அந்த அறிவு அடுத்த கேமுக்குப் பயன்படாது. நிறுவனமும் இதை உணர்ந்ததுபோல் 1.6 பேட்ச் காலத்தில் ரெட்மாட் கருவியையும், 2024 மே 21-இல் விட்சர் 3-க்கு ரெட்கிட் எடிட்டரையும் இலவசமாகத் தந்தது. விடைபெறும் எஞ்சினுக்கு இதைவிட நல்ல மரியாதை இல்லை.

"அன்ரியல் கேமெல்லாம் ஒரே முகம்" என்ற பேச்சு கனமில்லாதது. முகத்தைத் தருவது ஓவியரும் ஒளி அமைப்பவரும்.

"அன்ரியல் திக்கும்" என்ற பயத்தில் உண்மை உண்டு. திக்கல் இரண்டு வகை. புதிய ஷேடரை (ஒளியும் நிறமும் வரையும் சிறு நிரல்) அந்த நொடியில் தொகுக்கும்போது படம் ஒரு கணம் நிற்பது ஒன்று. இதற்கு ஆட்டம் தொடங்குமுன் தொகுத்து வைப்பது மருந்து. இடம் விட்டு இடம் நகரும்போது புதிய பகுதியின் பொருள்களை ஏற்றுவதில் ஆட்டத்தை நடத்தும் முக்கியக் கணிப்பு வரிசை (மெயின் த்ரெட்) அடைபடுவது இன்னொன்று. திறந்த உலகக் கேமுக்கு இதுதான் எமன். 2025 ஜூனில் விட்சர் 4 தொழில்நுட்பக் காட்சியைச் சாதாரண பிஎஸ்5-இல் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டிக் காட்டினார்கள். எபிக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட்டும் சேர்ந்து செய்த வேக வடிவ ஸ்ட்ரீமிங் இணைப்பு அன்ரியல் 5.6-இல் எல்லோருக்கும் கிடைத்தது. பயப்பட்ட இடத்திலேயே வேலை நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. காட்சி வேறு, கையில் வரும் கேம் வேறு என்பதை 2020 கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனாலும் இது நல்ல குறி.

சொந்த எஞ்சின் என்றால் திக்கல் இராது என்பதும் உண்மையில்லை. 2022 டிசம்பர் 14 அன்று வந்த விட்சர் 3-இன் 4.00 பேட்ச், டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராபிக்ஸ் முறையில் பிராசஸரின் ஓரிரு கோர்களை மட்டும் நெரித்து, கிராபிக்ஸ் கார்டைச் சும்மா உட்காரவைத்தது. பழைய கணினிக்கு மாற்று வழி எளியது: கேம் கோப்புறையின் "பின்" என்ற பகுதிக்குள் இரண்டு கோப்புறைகள் இருக்கும், பெயரில் டிஎக்ஸ்12 இல்லாததிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினால் டைரக்ட்எக்ஸ் 11-இல் சீராக ஓடும். ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங் மட்டும் கிடைக்காது.

ரங்கூனில் இது இறங்கிய விதம்

இங்கே தாமதத்தைவிட வன்மையாக இடித்தது வேறு இரண்டு. ஒன்று, ஃபேன்டம் லிபர்ட்டி பிஎஸ்4-க்குக் கிடையாது என்ற முடிவு. செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4-ஐ நம்பி இருந்தவருக்குக் கதை அத்தோடு முடிந்தது. மேலே சொன்ன ஹார்ட் டிஸ்க் காரணத்தைப் பார்த்தால் முடிவு சரியானது. ஆனால் 2020-இல் அந்தக் கன்சோலுக்கென்று விற்றவர்கள், இதை 2022 செப்டம்பர் வரை வைத்திருக்காமல் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டாவது, 2023 ஜூனில் மாறிய குறைந்தபட்சத் தேவை. 2020-இல் கேம் வந்தபோதைய கணக்கு: கோர் ஐ5-3570கே, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 780, ஹார்ட் டிஸ்க் போதும். புதியது: கோர் ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600, 12 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, 70 ஜிபி இடமுள்ள எஸ்எஸ்டி. தொண்ணூறு நாள் அவகாசம் தந்தார்கள். பிறகு செப்டம்பர் 21-இல் 2.0 பேட்ச், 26-இல் ஃபேன்டம் லிபர்ட்டி. விலை 29.99 டாலர்; மத்திய வங்கியின் 2,100 கியாட் கணக்கில் சுமார் 63,000. வெளிச்சந்தை டாலர் அதைவிட வெகு மேலே நின்றது. 2022 ஜனவரி முதல் இணையச் சேவைக்கு 15 விழுக்காடு வரி வேறு.

இந்த நிலைமையில் கேமை இறக்கி வைப்பதே ஒரு தனி வேலை. 70 ஜிபி என்பது, 10 எம்பிபிஎஸ் இணைப்பு தடையே இல்லாமல் ஓடினால் பதினைந்தரை மணி நேரம். சுழற்சியில் கரண்ட் போகும் பேட்டையில் அது நான்கைந்து நாள் ஆகும். ரூட்டர் 10 வாட் அளவே இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அதை ஐந்து ஆறு மணி நேரம் தாங்கும். கணினிக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் சேமித்து மூடுவதற்கு மட்டும் போதும். ஸ்டீமில் இறக்கம் பாதியில் நின்றால் தொல்லை இல்லை, தொடரலாம். "பேட்ச்சிங்" என்று காட்டும் நேரத்தில் கரண்ட் போனால்தான் கோப்பு கெடும். பிறகு கோப்புச் சரிபார்ப்பு ஓட்டவேண்டும், அது கெட்ட கோப்பைத் திரும்ப இறக்கும்.

அதனால் பலர் சேர்ந்து ஆடும் வீட்டுக்கு, அப்போது சிடி ப்ராஜெக்ட் குழுமத்திடம் இருந்த ஜிஓஜி கடையே ஏற்றது. நகல் பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் துண்டு துண்டாக வரும்: ஒரு சிறிய தொடக்கக் கோப்பு, கூடவே பல பெரிய துண்டுகள். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்தே தொடக்கக் கோப்பைத் தட்டவேண்டும். வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளவேண்டும். எக்ஸ்பான்ஷன் இன்ஸ்டாலரும் அடிப்படைக் கேமும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்கவேண்டும். 2.0-க்கு முந்தைய 1.63 பதிப்பின் மேல் 2.0-க்கான எக்ஸ்பான்ஷனைப் போட்டால் ஓடாது. பலர் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

மாட் போட்டிருந்தவர்கள் 2.0 ஏற்றுமுன் அவற்றை முழுக்க நீக்கவேண்டியிருந்தது. ரெட்4எக்ஸ்ட் கோப்புறை, ஸ்கிரிப்ட் கோப்புறை, பிளகின் கோப்புறை, மாட் ஆர்க்கைவ் நான்கையும் எடுத்துவிட்டுக் கோப்புச் சரிபார்ப்பு ஓட்டவேண்டும். ஒன்றை விட்டாலும் கேம் தொடக்கத் திரையிலேயே விழக்கூடும். அதைப் பார்த்து "பேட்ச்சே சரியில்லை" என்று திட்டியவர்களில் கணிசமானோர் பழைய மாட்டைத்தான் சுமந்துகொண்டிருந்தார்கள்.

எஸ்எஸ்டி வாங்க வழியில்லாதவருக்கு: அமைப்புகளில் மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கென்று ஒரு தேர்வு உண்டு, அதை இயக்கி, கூட்ட நெரிசலைக் குறைவில் வைத்தால் 1.63 வரை நகரம் ஓரளவு ஒழுங்காக வரும். 1.63 இன்ஸ்டாலரை முன்கூட்டி டிஸ்க்கில் எடுத்து வைத்தவர்கள் அதிலேயே நின்றுகொண்டார்கள். ஸ்டீமில் அது கடினம். தானாக ஏறும் அப்டேட்டை அங்கே முழுக்க நிறுத்தமுடியாது, "தொடங்கும்போது மட்டும்" என்று வைத்து ஆஃப்லைனில் ஆடவேண்டும். எந்த வழியானாலும், பயனர் கோப்புறையில் "சேவ்ட் கேம்ஸ்" என்பதற்குள் உள்ள சேமிப்புகளை முதலில் தனியே நகலெடுத்து வைக்கவேண்டும். 2.0-இல் ஒருமுறை சேமித்த ஆட்டம் 1.63-இல் திறக்காது.